படகுக்காரன் கட்சி

ரயிலில் ஒருவர் மாங்கா கொடுத்தார் என்று சித்தி சொன்னதும் அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்து வைத்தாள். சித்தி பையிலிருந்து எடுத்ததோ ஒரு புத்தகம். ஜப்பானில் படக்கதைக்கு அதுதான் பெயராம். ஆறாவது படிக்கும் பெண் ஆங்கிலத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறாள் என்ற பெருமை வீட்டில் இருந்ததால், அது என் கைக்கு வந்தது.

அம்மாவின் தங்கையான சித்தி, தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்களோடுதான் இருந்தாள். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்ப் பொழுது சாய்ந்ததும் திரும்புவாள். அதே பெட்டியில் போகும் ஆண்டர்சன்பேட்டைக்காரர் ஒருவர்தான் புத்தகங்களை இரவல் கொடுத்தார். முதல் புத்தகத்தை நம் வழக்கப்படி இடப்பக்கமிருந்து வாசித்தேன். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இருவர் போகப்போக யாரோ எவரோ ஆகிவிட்டார்கள். இது என்ன அநியாயம் என்று நான் கேட்டனுப்ப, வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார்.

மலையில் வில் பிடிக்கும் ஒரு பெண், ஆற்றில் படகு விடும் ஒரு பையன். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது. ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாததால் எங்களுக்கு அவர்கள் வில்லுக்காரியும் படகுக்காரனும்தான். அம்மா பூண்டு உரிக்க, நான் தினமும் கதையைத் தமிழில் சொல்வேன். அம்மாவும் நானும் படகுக்காரன் கட்சி. பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பா எதிர்க்கட்சி.

"மலைக்காரங்க வேற, ஆத்துக்காரங்க வேற. ஒத்துவராது, வுடு" என்பார்.

"இன்னாங்க வேற? எவ்ளோ பொறுமையான பையன்" என்று அம்மா விடமாட்டாள்.

கதைக்காக இவர்கள் இப்படி மல்லுக்கட்டுவதில் எனக்குப் பரம சந்தோஷம். புத்தகம் கொண்டுவரும் சித்தி மட்டும் எந்தப் பக்கமும் பேசாமல் இருந்தது பிடிக்கவில்லை. படகுக்காரன் தன் ஆட்களிலேயே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா ஒருநாள் சொல்லிவிட்டார். கோபத்தில் நான் சாப்பிடவில்லை. சித்தியும் சாப்பிடவில்லை. ஒருவழியாக நம் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த வெள்ளப் புத்தகம் வந்தது. ஊரே மூழ்கும்போது, மலைக்காரர்கள் உயிர்போனாலும் கீழே வைக்காத வில்லைக் கரையில் போட்டுவிட்டு, வில்லுக்காரி படகில் ஏறி அவன் பக்கத்தில் துடுப்பைப் பிடிக்கிறாள். இரண்டு பக்கம் நிறைய ஒரே படம். ஒரு வார்த்தை கிடையாது. நான் கத்திக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தேன். சேர்ந்துட்டாங்க, சேர்ந்துட்டாங்க என்று தெருவெல்லாம் ஓடினேன். யாருக்கு நிச்சயம் என்று பக்கத்து வீட்டு அத்தை அக்கறையாக விசாரித்தாள். அம்மா வந்து என்னை இழுத்துப்போனாள்.

உள்ளே சித்தி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முதன்முறையாகப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். சித்தியையும் பார்த்தார்.

"அந்தப் பையன ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வரச் சொல்லும்மா" என்றார்.

அப்பாவுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது, அடுத்த புத்தகத்துக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று நான் குதித்தேன்.

ஆண்டர்சன்பேட்டைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்தார். புத்தகம் இல்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு யாரையும் பேசவிடவில்லை. அம்மா கண்ணால் மிரட்டியதையும் பொருட்படுத்தாமல் கேட்டேன்.

"கடைசியில கல்யாணம் ஆவுமா, ஆவாதா?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணன்தான் சொல்லணும்."

"அப்பா இன்னா சொல்றது? அவரு ஒரு புக்குகூடப் படிக்கல" என்றேன்.

முதலில் சிரித்தது அப்பாதான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "ஆவும்" என்றார். சித்தி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அம்மா கேசரி கொண்டுவந்தாள். இன்று நான் சித்தப்பா என்று கூப்பிடும் அந்த மனிதர் தலையைக் குனிந்து கைக்குட்டையைத் தேடினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசிப் புத்தகம் இன்னும் வெளியே வராதபோது, அப்பாவுக்கு மட்டும் முடிவு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே கேசரியைத் தின்றேன்.