தொப்பூரில் நிற்கிறோம் என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாத விடுமுறை. திருநெல்வேலியிலிருந்து தருமபுரி பக்கம் இண்டூருக்கு, என் அண்ணன் வீட்டுக்கு நள்ளிரவு தாண்டியதுமே காரில் கிளம்பினோம். மறுநாள் என் மகளுக்குக் காது குத்து. அவளுக்கு மூன்று வயது, பையனுக்கு ஆறு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், அண்ணனுக்கு ஒரு மாதமாகவே கால் தரையில் பாவவில்லை. காது குத்தப் போகிற குழந்தை வேறு எங்கும் சுற்றாமல் நேராக மாமன் வீட்டு வாசலைத்தான் மிதிக்க வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதைப் போனில் நாலு தடவை சொல்லிவிட்டார்.

சின்னப் பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் காரில் போனவர்களுக்குத் தெரியும். மதுரை தாண்டுவதற்குள் ஒரு வாந்தி, திண்டுக்கல்லில் ஒரு சண்டை, கரூரில் பையன் ஒரு ஷூவை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டான். சேலம் வந்ததும் என் கணவர் ஆரம்பித்தார். மேட்டூர் வழியாகப் போனால் ஒகேனக்கல்லைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகவே இண்டூர் போய்விடலாம் என்றார். பிள்ளைகள் குதித்தார்கள். எனக்கும் ஆசைதான், அவர் மேல் மட்டும் பழி போட மாட்டேன்.

ஒகேனக்கல்லில் வண்டியை நிறுத்தும்போது அண்ணன் கூப்பிட்டார். "பாப்பா, எங்க வர்றீங்க?" அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

உண்மையைச் சொன்னால் சங்கடப்படுவார். எங்கள் தருமபுரிக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு சாக்கு உண்டு. "தொப்பூர் கணவாயில லாரி கவுந்து கெடக்குதுண்ணா. வண்டி நகரவே மாட்டேங்குது" என்றேன். சேலத்திலிருந்து தருமபுரி போகும் நேர்வழியில் இருக்கிற அந்தக் கணவாயில் அது அடிக்கடி நடப்பதுதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தண்ணீரில் விழுந்துவிடும் என்று போனைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் பரிசல் ஏறினோம். சுடச்சுட மீன் வறுவல் சாப்பிட்டோம். அன்று நாங்கள் ரொம்பவே சந்தோஷமாக இருந்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால் அண்ணனிடமிருந்து ஒன்பது அழைப்புகள். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாலு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கியபோது அண்ணி மட்டும்தான் நின்றிருந்தார்.

"அவுரு தொப்பூருக்கே வந்தாரே, பாக்கலியா? புள்ளைங்க பசியில கெடக்கும்னு இட்லியும் பாலும் கட்டிக்கிட்டு மதியமே போனாரு."

ஐந்து மணிக்கு அண்ணனின் மொபெட் வந்தது. வெயிலில் முகம் கன்றிக் கறுத்திருந்தது. கணவாயின் அடியிலிருந்து மேல் வரைக்கும் எங்கள் காரைத் தேடியிருக்கிறார். "நான் போறதுக்குள்ள லாரிய எடுத்துட்டாங்க போல" என்று எனக்காக அவரே ஒரு சமாதானமும் வைத்திருந்தார். நான் தலையாட்டினேன். தூக்குப் போசியில் இருந்த பால் திரிந்து போயிருந்தது.

மறுநாள் அவர் மடியில் உட்கார்ந்ததும் மகள் அழ ஆரம்பித்தாள். அவர் ஏதேதோ வேடிக்கை காட்டினார். அழுகைக்கு நடுவே அவள் சொல்லிவிட்டாள். "மாமா, நேத்து நாங்க பரிசல்ல போனோம்."

அண்ணன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்படியா சாமி? பயந்துக்கிட்டியா?" என்று அவள் தலையைத் தடவினார். இரண்டு காதும் குத்தி முடிக்கும்வரை அவளிடம் பரிசலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அடுத்த தடவை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த மார்கழியில் மாரடைப்பு. அண்ணனுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

சாவுக்குப் போகும்போது தொப்பூரில் நிஜமாகவே லாரி கவிழ்ந்து கிடந்தது. மூன்று மணி நேரம் கார் அசையவில்லை. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். எங்கே வருகிறீர்கள் என்று அண்ணன் வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தொப்பூர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். வண்டிகளுக்கு இடையே ஒவ்வொரு மொபெட் நுழைந்து வரும்போதும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். வர மாட்டார் என்று தெரிந்தும் பார்த்தேன்.

இப்போதெல்லாம் யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், நிற்கிற இடத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர், பாலும் இட்லியும் கட்டிக்கொண்டு நம்மைத் தேடிக் கிளம்பிவிடுகிற ஆளாக இருக்கலாம்.