ஐசிங் அக்காவின் விரல்நுனி

ஐசிங் அக்காவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பேக்கரியில் பதினெட்டு வருஷமாகக் கேக்குக்கு ஐசிங் சர்க்கரையில் பூ வைக்கிறவள். பூ வைக்கும்போது கை அசையாது. கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். "அக்கா கால்ல ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டா மாவு மெஷினுக்குக் கரண்ட்டே வேண்டாம்" என்பார் அடுப்பு மாஸ்டர்.

அப்படிப்பட்டவளின் நிம்மதியை அந்த வருஷம் அவளுடைய அண்ணன் கெடுத்தான். செருப்பு கடித்த சின்னப் புண் ஆறாமல் போய், கடைசியில் அவனுடைய கால் பெருவிரலையே எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை. பார்க்கப்போன தங்கையிடம், கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான்.

"அப்பாவுக்கு இருந்துச்சு. எனக்கும் வந்துடுச்சு. நீ மட்டும் தப்பிச்சுப் பொறந்தவளா? போய் டெஸ்ட் பண்ணிடு."

அவள் லேபுக்குப் போகவில்லை. பயம். வழியில் மருந்துக்கடையில் சர்க்கரை பார்க்கும் மீட்டரும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் வாங்கிப் பையின் அடியில் ஒளித்துக்கொண்டாள். ஸ்கூல் வேன் ஓட்டும் கணவரிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவர் நிதானமாக, "சரி, டாக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லிவிடுவார். அந்த நிதானம்தான் அவளுக்கு ஆகாது.

மறுநாள் காலை குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு விரலில் குத்தினாள். நூற்றிருபத்தெட்டு. நல்லதா கெட்டதா? தெரியவில்லை. டீ குடித்துவிட்டுக் குத்தினாள்: நூற்றைம்பத்தாறு. மாடிப்படி ஏறி இறங்கிக் குத்தினாள்: நூற்று நாற்பது. "ஒரே உடம்பு, ஒரே ரத்தம்! இந்த மெஷினுக்கு ஒரு பேச்சு வேண்டாமா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

ஆறு வாரம் இப்படியே ஓடியது. பத்து விரலும் சல்லடையாயிற்று. எண் ஏறினால் சாப்பாட்டைத் தள்ளிவைப்பாள். இறங்கினால் ஆசுவாசத்தில் இரண்டு பங்கு சாப்பிடுவாள். தூக்கம் போயிற்று. அடுப்பு மாஸ்டரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

ஒரு சனிக்கிழமை இரண்டடுக்குப் பிறந்தநாள் கேக் ஒன்று ஆர்டர். மேலே நாற்பது சர்க்கரை ரோஜா வேண்டும். ஐசிங் சர்க்கரையில் குளுக்கோஸ் பாகை ஊற்றிப் பிசைந்து, இதழ் இதழாக விரலால் மெலிதாக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். காலையில் பயந்துகொண்டு ஒன்றும் சாப்பிடவில்லை. பதினேழாவது ரோஜாவில் தலை சுற்றியது. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மாவு மூட்டை அறைக்குள் ஓடி, விரலில் குத்தினாள்.

நானூற்றுப் பன்னிரண்டு.

சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு விரலில் பார்த்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு. அவ்வளவுதான், அவள் வெளியே பாய்ந்துவிட்டாள். "அக்கா, ரோஜா!" என்று மாஸ்டர் கத்தியது காதில் விழவில்லை. தெருவிலிருந்தே கணவருக்குப் போன் செய்தாள்.

"எனக்கு நானூறு!"

"என்ன நானூறு?"

"சர்க்கரைங்க! லேபுக்கு வாங்க!"

லேபில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஏப்ரனும் தலைவலையுமாக மூச்சிரைக்க வந்து நின்றவளை உட்கார வைத்தாள்.

"கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரி. அதுக்கப்புறம் பச்சத்தண்ணி மட்டுந்தான். பட்டினி கிடந்தே நானூறும்மா!"

லேப் பெண் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"கையக் கழுவிட்டா குத்தினீங்க?"

"தொடைச்சேனே."

"சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாம தொடைச்சிட்டு வாங்க."

கழுவி வந்த விரலில் லேப் பெண்ணே குத்தினாள். நூற்றிருபத்தொன்று.

"உங்க கையில இருந்த பாகையும் சேர்த்து அளந்திருக்கு மெஷின். கேக்குக்கு எவ்வளவு சர்க்கரைன்னு பார்த்திருக்கீங்க" என்றாள் லேப் பெண்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லயா?"

"அப்படி நான் சொல்லலயே."

உடனே கால் ஆடத் தொடங்கிவிட்டது. அதற்குள் கணவரும் வந்து சேர்ந்தார். லேப் பெண் இருவருக்குமாகச் சொன்னாள்.

"இந்த மீட்டர் காட்டுறது இந்த நிமிஷத்துச் சர்க்கரை. சாப்பிட்டா ஏறும், நடந்தா இறங்கும், கவலப்பட்டாக்கூட ஏறும். அதனால எப்பப் பார்த்தோம்ங்கறது முக்கியம். வெறும் வயித்துல நூத்துக்குள்ள இருந்தா நல்லது. நூத்திருபத்தாறும் அதுக்கு மேலயும்னா சந்தேகப்படணும். ஆனா ஒரு எண்ணை வச்சு யாரும் முடிவு கட்டமாட்டாங்க. மூணு மாசச் சராசரின்னு ஒரு டெஸ்ட் இருக்கு. ரத்த அணுவுல சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பார்க்கிறது. அதுக்கு நேத்து பட்டினி கிடந்ததும் தெரியாது, இன்னிக்கு ஓடி வந்ததும் தெரியாது. ஆறரையும் அதுக்கு மேலயும்னா சர்க்கரை நோய்."

நரம்பில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு சாயங்காலம்தான். வேனில் உட்கார்ந்ததும் கணவர் கேட்டார்.

"எத்தன நாளா குத்திக்கிறே?"

"ஆறு வாரமா."

அவர் அவளுடைய விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார். வண்டியைக் கிளப்பவில்லை. அவள் அங்கேயே அழுதாள்.

சாயங்காலம் வந்த எண் ஆறு புள்ளி எட்டு. மறுநாள் வெறும் வயிற்றில் லேபில் பார்த்தது நூற்று முப்பத்தொன்று. இரண்டும் ஒரே பேச்சுப் பேசின. டாக்டர் காலையும் சாயங்காலமுமாக ஒரு மாத்திரை எழுதினார். கண்ணையும் காலையும் வருஷா வருஷம் காட்டச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடவும், தினம் நடக்கவும் சொன்னார். வாரத்தில் இரண்டு மூன்று முறை மீட்டரில் பார்த்தால் போதும் என்றார். "போதுமா?" என்று அவள் மூன்று தரம் கேட்டாள்.

மீதி இருபத்து மூன்று ரோஜாவை அடுப்பு மாஸ்டர் செய்திருந்தார். எல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தன. வாங்கியவர்கள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போனார்களாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே லேப். ஆறு புள்ளி நான்கு.

"இவ்வளவு நடந்தும் வெறும் புள்ளி நாலுதான் இறங்குச்சா?" என்று ஐசிங் அக்கா சண்டைக்கு நின்றாள்.

"அக்கா, இது நல்லா இறங்கியிருக்கு. உட்காருங்க, உங்களப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் லேப் பெண்.

ஐசிங் அக்கா உட்கார்ந்தாள். கணவர் தாளை வாங்கி நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார்.