பூசணிக்கு முதல் வெட்டு

பிராங்பேர்ட்டில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா ஒரு முழுப் பூசணிக்காயை மேசையில் வைத்து, கத்தியை என்னிடம் நீட்டுகிறார். இங்கே ஐப்பசியில் அதற்குக் கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுதிரி கொளுத்தி வாசலில் வைப்பார்களாம். ஆசையில் கை துறுதுறுக்கிறது. ஆனால் எங்கள் வழக்கத்தில் முழுப் பூசணியை முதலில் ஆண்கள்தான் வெட்டவேண்டும். கூச்சத்தோடு மகளிடம் சொல்கிறேன்.

"மருமகன் வேலையாலை வந்து வெட்டட்டும், பிள்ளை."

மகள் அதைக் காரணத்தோடு ஜெர்மன் மொழியில் சொல்ல, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"அவ கலியாணமே கட்டேல்லையாம், அம்மா. ஆம்பிளைக்குக் காத்திருந்தால் ஒரு பூசணியும் வெட்டியிருக்க ஏலாதாம்!"

எனக்கும் சிரிப்பு வருகிறது. இரண்டு கையாலும் கத்தியை அழுத்துகிறேன். காம்போடு மேல்மூடி கழன்று வருகிறது.

"பல்லையும் நான்தான் வெட்டுவன் எண்டு சொல்லு, பிள்ளை!"