சுருங்கிப்போன சாமை கேக்

இட்லி வேகும்போது உப்புகிறது. பூரி எண்ணெயில் விழுந்ததும் உப்புகிறது. கேக் மட்டும் அடுப்பில் ஏறியபின் ஏன் சிறுத்துப்போகிறது என்பது மூன்றாம் வகுப்பில் எனக்கிருந்த பெரிய குழப்பம்.

குண்டூர் நாட்டில், மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் அப்போது கேக் சுட்டது எங்கள் வீட்டில் மட்டும்தான். அப்பாவின் தங்கையான அத்தைக்கு ராசிபுரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. புதுப் பையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கல்லூரி திறக்கும் நாளுக்காகக் காத்திருந்தாள். பொழுது போகாமல் செல்போனில் வீடியோ பார்த்து, பழைய குக்கரில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, சாமை மாவிலும் மலை வாழைப்பழத்திலும் கேக் சுட்டாள். முதல் கேக் ஓரமெல்லாம் சுருங்கித் தட்டையாக வந்தது. அதற்கு அம்மாதான் காரணம். இட்லி சுடுகிற பழக்கத்தில் அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தாள். இறக்கியதும் பாத்திரத்தின் முதுகில் பச்சைத்தண்ணீரையும் தெளித்துவிட்டாள். திடீரென்று குளிர்ந்தால் கேக் சுருங்காமல் என்ன செய்யும்?

அதன்பின் அத்தை எனக்குப் பாடமே நடத்தினாள். பாத்திரத்தின் பக்கங்களில் நெய் தடவக்கூடாதாம், வழுக்கினால் மாவு பிடித்து ஏறாதாம். மாவை அளவுக்கு மீறி அடிக்கக்கூடாது. பாதியில் மூடியைத் தொடவே கூடாது, அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே ஆறவிட வேண்டும். அடுத்த கேக் பஞ்சு மாதிரி உப்பி நின்றது.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு விற்கப் போன இடத்தில் அத்தையின் கேக்கைப் பற்றி அளந்துவிட்டார். அங்கே லாட்ஜ் நடத்துகிற ஒருவர், தங்க வருகிறவர்களுக்குத் தினமும் கேக் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து ருசி பார்க்கிறேன் என்றாராம்.

"ஆர்டர் கெடைச்சுட்டா இந்த வருசம் காலேஜு வேண்டாம் கண்ணு. ஊட்டுல இருந்தே சம்பாரிக்கலாம்" என்று அப்பா முடிவாகச் சொன்னார்.

"சரிங்ணா" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. கை வலிக்க வலிக்க மாவை அடித்தாள். பாத்திரம் முழுக்க நெய்யை வழித்துப் பூசினாள். பாதி வேக்காட்டில் மூன்று முறை மூடியைத் திறந்தாள். எனக்குப் பதறியது.

"அத்தை, தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பேசாம இரு சாமி."

பயத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பரீட்சை என்றால் எனக்கும் ஏழாம் வாய்ப்பாடு மறந்துவிடும். இறக்கியதும் அவளே தண்ணீரைத் தெளித்தாள். கேக் நடுவில் குழிந்து, சுற்றிலும் சுருங்கிக் கிடந்தது. அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

லாட்ஜ்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதைத்தானுங்க நான் தேடிட்டிருந்தேன்! பேக்கரி கேக்காட்டம் இருந்தா டவுன்காரங்க இங்க வந்து எதுக்குங்க வாங்கறாங்க? இப்படிக் கோணமாணையா இருந்தாத்தான் ஊட்டுல செஞ்சதுன்னு நம்புவாங்க. நாளைல இருந்து குடுத்துருங்க."

அப்பா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அத்தை சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். ஆர்டர் கிடைத்ததற்கு அழுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நன்றாகச் சுடத் தெரிந்தும் இப்படி ஆகிவிட்டதே என்கிற வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழுவாதீங்க அத்தை. நாளைக்கு நல்லா வரும். தெனமும் சுட்டா பழகிரும்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். ஆறுதல்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.