காலி ஹாலில் அசைவு

எங்கள் வீட்டுத் திருட்டு அலாரத்துக்கு ஒரு கெட்ட குணம் வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பஸ் ஏறி, அப்பாடா என்று உட்கார்ந்ததும் ஊரைக் கூட்டும்.

அதைப் பொருத்தச் சொன்னவன் கனடாவில் இருக்கும் எங்கள் மகன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று அவன் அம்மா போனில் சொன்னதுதான் தாமதம், அங்கிருந்தே ஆர்டர் போட்டு ஆளையும் அனுப்பிவிட்டான். ஹால் மூலையில் ஒரு சென்சார், மாடிப்படிக்குக் கீழே ஒரு சைரன். வெளியே போகும்போது போட்டுவிட்டுப் போக வேண்டும். ஹாலில் எதுவும் அசைந்தால் சைரன் அலறும். அவன் போனுக்கும் 'ஹாலில் அசைவு' என்று செய்தி போகும்.

டிசம்பரில் ஆரம்பித்தது தொல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பத்து மணிப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருப்பார், என் சட்டைப்பையில் போன் அதிரும். மகன்தான். அவனுக்கு அங்கே நள்ளிரவு. "அப்பா, வீட்ல யாரோ இருக்காங்க. உடனே போய்ப் பாருங்க." பாதிப் பூசையில் எழுந்து ஆட்டோ பிடித்து ஓடுவோம். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். இந்தத் தெருவெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பம் பயிர் வைத்த நிலம். எல்லா வீட்டுக்கும் தான்தான் காவல் என்ற நினைப்பு அவருக்கு இன்னும் போகவில்லை.

"இன்னா சார், உங்க ஊடு கத்திகினே கீது. திருடன் வந்தாக்கூட காதைப் பொத்திகினு ஓடிடுவான் போல."

உள்ளே போனால் ஈ, காக்கை இருக்காது. ஒன்றுமில்லை என்று மகனிடம் சொல்வதற்குள் அவன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். சாப்பிட்டாயா, இருமல் எப்படி இருக்கிறது, பனி கொட்டுகிறதா. அரைத் தூக்கத்தில் அவனும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான். எனக்குப் பாவமாக இருக்கும். வாரமெல்லாம் வேலை பார்க்கிறவன் தூக்கத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பா கெடுக்கிறதே என்று ஆத்திரமும் வரும்.

மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஸ்பானரைக் கையால் தொடக்கூடாது என்றிருந்தேன். யார் விட்டார்கள்? ஏணி போட்டு ஏறி பேட்டரியை மாற்றினேன். சென்சாரின் முகத்தைத் துடைத்தேன். மறுநாளே மார்க்கெட்டுக்குப் போனபோது அடித்தது. பொருத்தியவரைக் கூப்பிட்டால், "பல்லி சார்" என்று ஒரே பேச்சில் முடித்துக்கொண்டார். முட்டை ஓட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். பல்லி போனது, தொல்லை போகவில்லை. பிறகு அவர்களே வந்து சென்சாரை மாற்றினார்கள். புதியதும் அதே பாட்டைத்தான் பாடியது. முழங்கால் வலியோடு எத்தனை தடவை ஏறி இறங்குவது? ஏணியைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம், கம்பெனியில் செய்வதையே செய்தேன். கோளாறான மெஷினை ஓடுகிறபடி ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். சைரன் அடிக்காமலும் செய்தி போகாமலும் இருக்கும்படி அலாரத்தைச் சோதனை நிலையில் வைத்தேன். மற்றதெல்லாம் நாங்கள் வெளியே போகும்போது இருப்பதுபோலவே. அதாவது, லைட் எரியும், ஃபேன் ஓடும். வீட்டில் ஆள் இருப்பதாகத் திருடன் நினைக்கட்டும் என்று நான் செய்யும் ஏற்பாடு அது. தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். சென்சாரின் பார்வை படாத சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சென்சாரில் சிவப்புப் புள்ளி மினுக்கியது. ஹாலில் யாரும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மினுக்கியது. அப்போதுதான் கிறிஸ்துமஸுக்காக ஹாலில் வைத்திருந்த குடிலுக்கு மேலே தொங்கிய நட்சத்திரத்தைக் கவனித்தேன். காகித நட்சத்திரம், உள்ளே எரியும் குண்டு பல்பு. எல்.இ.டி. வெளிச்சம் நட்சத்திரத்துக்கு ஒட்டவில்லை என்று என் மனைவி பழைய பல்பைத்தான் போடுவாள். ஃபேன் காற்றில் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சென்சார் கவனிப்பது சூட்டை. சூடான ஒன்று அசைந்தால் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், புள்ளி அடங்கிவிட்டது. என் ஏற்பாட்டில் திருடன் ஏமாந்தானோ இல்லையோ, அலாரம் நன்றாக ஏமாந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

மனைவி வந்ததும் சொன்னேன்.

"அப்போ இனிமே அடிக்காதா?"

"அடிக்கவே அடிக்காது."

"சரி" என்று பையோடு உள்ளே போய்விட்டாள். இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு சிரிப்புகூட இல்லை. மகனுக்குச் செய்தி அனுப்பினேன். கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது.

அதன் பிறகு அலாரம் சத்தம் போடவில்லை. மகனும் கூப்பிடவில்லை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து நட்சத்திரத்தையும் குடிலையும் பெட்டியில் வைத்தோம். ஞாயிறு பூசையை முழுதாகப் பார்த்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் போனை வாங்கி வாங்கிப் பார்த்தாள். மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அது கத்துனப்பவாவது புள்ள குரல் காதுல உழுந்துச்சு. நீங்க சரி பண்ணிட்டீங்க."

"நீ கூப்பிட வேண்டியதுதானே?"

"தூங்கிகினு இருப்பான், வேலையில இருப்பான்னு நீங்கதான சொல்லுவீங்க."

எனக்கும் அந்தக் குரல் வேண்டித்தான் இருந்தது. அவளைப் போல வாய்விட்டுச் சொல்ல வராது, அவ்வளவுதான்.

சாயங்காலம், அங்கே விடிந்திருக்கும் என்று பார்த்து நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்னப்பா, மறுபடியும் அடிச்சிதா?"

"இல்லப்பா. அலாரம் நல்லாத்தான் இருக்கு."

அவன் குரல் இறங்கியது.

"அப்பா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அவள் போனை வாங்கிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லடா. சும்மாதான் கூப்ட்டோம்" என்றாள். அவன் நம்பவில்லை. வீடியோவில் வந்து முகத்தைக் காட்டச் சொன்னான்.