பருந்துக்கு நினைவில்லாத இருபது நிமிடம்

கட்டட வேலையிடத்தில் அவரை எல்லோரும் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது மீட்டர் உயரத்தில், ஒற்றை ஆள் உட்காரும் கிரேன் கூண்டில் பதினெட்டு வருடமாகக் குந்தியிருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கீழே நின்று கொக்கியில் சுமையை மாட்டிவிட்டு, வாக்கிடாக்கியில் வழி சொல்பவன் அவருடைய மச்சினன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அக்காவைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்குத் தன் உச்சந்தலையை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கேலி பேசுவான்.

கிரேன்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே கழிப்பறை கிடையாது, இறங்கி ஏறுவதற்குள் அரைமணி ஓடிவிடும். அதனால் பருந்து காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு ஏறிவிடுவார். மதியம் இறங்கித்தான் சாப்பாடு.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஸ்கேனில் ஈரல் சுருங்கிப்போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை மனிதர். ஆனால் ஈரல் கெட்டுவிட்டது என்றால் குடிகாரன் என்று முத்திரை குத்த ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். சர்க்கரை டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை ஒவ்வொரு தடவையும் நன்றாகவே வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். ஒன்றரை டன் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பருந்தின் உள்ளங்கை வியர்த்தது, பிறகு நடுங்கியது. காதில் மச்சினன் குரல் கேட்டது, ஆனால் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினால் சுமை இறங்கும் என்பது மறந்துபோயிருந்தது. கீழே மஞ்சள் தலைக்கவசங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அதில் எது அவன் என்று தேடினார். அத்தோடு எல்லாம் நின்றுபோனது.

நினைவு திரும்பியபோது மச்சினன் கூண்டு வாசலில் மூச்சுவாங்க நின்று, அவர் கையில் ஜூஸ் பாட்டிலைத் திணித்துக் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டும் பதில் இல்லாததால் ஏறி வந்தானாம், அதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டதாம். கம்பிக்கட்டு ஐந்தாம் மாடியில் அதன் இடத்தில் கிடந்தது.

மறுநாள் பீரோத் தாளை டாக்டரிடம் நீட்டினார். டாக்டருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல ஈரல் சர்க்கரையைச் சேர்த்துவைத்துப் பட்டினி நேரத்தில் எடுத்துக் கொடுக்குமாம். இவருடையதில் சேமிப்பே இல்லை. சாப்பிட்டால் எகிறும், சாப்பிடாமல் மாத்திரை போட்டால் பாதாளத்துக்குப் போகும். மண்ணீரலும் வீங்கி ரத்த அணுக்கள் சீக்கிரமே அழிவதால், அந்தச் சராசரியும் குறைத்தே காட்டியிருக்கிறது.

"அந்த நம்பரை நம்பி நீங்களும் ஏமாந்தீங்க, நானும் ஏமாந்தேன்" என்றார் டாக்டர். "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இப்படி ஆச்சு?"

பருந்துக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவரை உலுக்கியது. சில காலைகளில் கண் இருட்டியிருக்கிறது, தூக்கக் கலக்கம் என்று விட்டிருக்கிறார். எத்தனை நாள் அந்தத் தலைகளுக்கு மேல் ஆளில்லாத கிரேன் சுற்றியதோ!

வெளியே காத்திருந்த மச்சினன் அவர் தோளில் கை போட்டான். யாரிடமும் வாய் திறக்கமாட்டானாம்.

"பூ மாதிரி இறக்குனீங்க மாமா. நான் அடியிலதான் நின்னேன், அசையக்கூட இல்ல."

பருந்து, அவன் தடுக்கத் தடுக்க, நேராக வேலையிடத்துக்குப் போய் என்ஜினியர் முன்னால் கூண்டுச் சாவியை வைத்தார்.

"நேத்து அந்தக் கம்பியை நான் இறக்கல சார். யாரு இறக்குனதுன்னு எனக்குத் தெரியாது."