புழுவை நேராக்கிய விரல்கள்

நம்பினால் நம்புங்கள். கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு மூளை கிடையாது. இது எனக்கே நடந்தது.

அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், பாஸ் என்கிற ஏரி மீனைப் பிடிப்பதில் பைத்தியம். அந்த மீனுக்கு அவர் போடுவது ரப்பர் புழு. புழுவைத் தூண்டில் முள்ளில் நேராகக் கோர்த்து, முள்ளின் நுனியை அதன் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். அப்போதுதான் அடியில் கிடக்கும் கட்டையில் மாட்டாது. எனக்கு அது கைவரவே இல்லை. "என்னடா இது, இடுப்பு ஒடிஞ்ச புழு," என்று பிடுங்கி அவரே சரிசெய்து தருவார்.

ஒருநாள் அவருடைய படகு மட்டும் ஏரியில் மிதந்தது. ஆளைக் காணோம். மூன்று நாள் தேடினார்கள். பிறகு கைவிரித்துவிட்டார்கள். அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உடம்பையாவது கொண்டு வாடா."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புழுவை ஏரியின் அடியில் மெதுவாக இழுத்தால், எது சேறு, எது கல், எது கட்டை என்று தூண்டில் நரம்பு விரலுக்குச் சொல்லிவிடும். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அதே படகில் போனேன்.

முதல் வீச்சு. சேறு. அடுத்தது கல். பிறகு... கட்டை.

டக். டக்.

மீன்தான் என்று நினைத்தேன். பாழாய்ப்போன பழக்கம், சுண்டி இழுத்துவிட்டேன். புழு மட்டும் வந்தது.

அது நேராக இருந்தது. முள்ளின் நுனி உள்ளே மறைந்திருந்தது.

நான் அப்படிக் கோர்க்கவில்லை. புழுவைக் கழற்றினேன். வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று கோர்த்து, அதே இடத்தில் போட்டேன்.

காற்று நின்றுபோனது.

டக். டக்.

நரம்பைச் சுற்றினேன்... கனமே இல்லை.

புழு நேராக இருந்தது.

"அத்தான்?"

படகுக்கு அடியில்... டக். டக்.

நங்கூரக் கயிற்றில் ஒரு காலி கேனைக் கட்டி அங்கேயே போட்டேன். எப்படிக் கரைசேர்ந்தேன் என்பது சத்தியமாகத் தெரியாது.

மறுநாள் கேன் மிதந்த இடத்தில் ஆட்கள் மூழ்கித் தேடினார்கள். அத்தான் அங்கேதான் இருந்தார்.

மூழ்கியவர்களில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்ல சொல்லிடாதீங்க. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் பெரிய கட்டைக்கு அடியில நசுங்கி மாட்டியிருந்துச்சு. கட்டைய அறுத்துத்தான் எடுத்தோம். பாவம், ஒரு விரலைக்கூட அசைச்சிருக்க முடியாது."



அக்கா வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். முந்தின நாள் நடந்ததை அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"அவர்தானேடா உன் புழுவை சரி பண்ணினாரு? அவர்தானே உன்னைக் கூப்பிட்டாரு?"

தண்ணீரைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கேன் மெதுவாக ஆடியது. காற்றே இல்லை.

"ஆமாக்கா," என்றேன்.